தொலைக்கல்வியும் நம் கூடமும்

நம் கழகத்தின் வெள்ளி விழா நிதியை எதற்குச் செலவிடுவது என்பதில் உறுப்பினரிடையே இருவகைக் கருத்து நிலவுவதை இம்மலரைப் படிப்போர் அறிவர். கூடத்தின் ஒழுகும் கூரையை மாற்றி, மேலும் ஓர் அறை எடுத்துக் கட்ட வேண்டும் என்பது ஒரு சாரார் கருத்து. பாடமெல்லாம் கைபேசிக்கே வந்துவிடும் இக்காலத்தில் கூடம் எதற்கு, அப்பணத்தில் பிள்ளைகளுக்கு டேப்லெட் என்னும் கைக்கணினி வாங்கிக் கொடுப்போம் என்பது மற்றொரு சாரார் கருத்து. பின்னதைச் சொல்வோர் பெரும்பாலும் இளைஞர். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், முடிவெடுக்கும் முன் தொலைவிலிருந்து பாடம் வந்த வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தல் நலம் என்று எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் நாமெல்லாம் கூடி நடத்திய இணையவழி வகுப்பும் அவ்வரலாற்றில் சேர்ந்ததே. அதில் நாம் செய்த பிழைகளையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

தொலைவு என்பதை மற்றவர்கள் மைல் கணக்கில் அளந்தார்கள். நம் முன்னோர் அதனை அடிக்கணக்கில் அறிந்திருந்தனர். சதாராவில் பள்ளி சென்ற சிறுவன் அம்பேத்கர், வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத் துணியின் மீது தனியே அமர்ந்து பாடம் கேட்டார். ஆசிரியர் இருந்தது அதே அறையில்தான். சென்னை மாகாணத்தின் நிலை என்ன? 1919 மார்ச்சு மாதம் மாகாண அரசு வெளியிட்ட ஆணை ஒன்று, பொது நிருவாகத்தில் இருந்த 8,157 பள்ளிகளுள் 609 பள்ளிகளே பஞ்சமர் எனப்பட்ட நம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டன என்று ஒப்புக்கொண்டது. அக்கிரகாரம், கோயில், சாவடி ஆகிய இடங்களில் பள்ளிகள் நடந்ததே இதற்குப் பெருங்காரணம். சட்டத்தில் பள்ளி எல்லார்க்கும் பொது. ஆனால் பள்ளி நிற்கும் தெருவில் நம் பிள்ளை கால் வைக்க இயலாது. பாடத்திட்டத்தைப் பற்றி எவ்வளவோ எழுதுகின்ற கல்வி வரலாற்று நூல்கள், பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் இருந்தது என்பதை ஏனோ எளிதில் கடந்து செல்கின்றன.

ஆகவே நம் பெரியோர் முதலில் தேடியது இடத்தைத்தான். அயோத்திதாசப் பண்டிதரின் வேண்டுகோளை ஏற்று ஆல்காட் அவர்கள் 1894-இல் சென்னையில் இலவசப் பள்ளி தொடங்கினார். எல்.சி. குருசாமி அவர்கள் அருந்ததியர் பிள்ளைகளுக்கும் தொழிலாளர்க்கும் இரவுப் பள்ளிகள் நடத்தினார். பகலெல்லாம் உழைத்தவன் இரவில்தானே படிக்க முடியும்? அம்பேத்கர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தபோது, வேலைக்குச் செல்வோரும் படிக்கும் வண்ணம் காலை நேர வகுப்புகளை வைத்ததும் இதே எண்ணத்தினால்தான். இடமும் நேரமும் உழைப்பாளிக்கு இசைந்து வரவேண்டும் என்பதை இவர்கள் கண்டிருந்தனர்.

இனி அஞ்சல் வந்த கதை. இங்கிலாந்தில் 1840-இல் குறைந்த கட்டண அஞ்சல் முறை ஏற்பட்டதும், ஐசக் பிட்மன் தம் சுருக்கெழுத்தை அஞ்சலட்டை மூலம் கற்பிக்கலானார். நம் ஊர்களில் தட்டெழுத்து, சுருக்கெழுத்துப் பயிலகங்களில் தேய்ந்த அந்தப் பிட்மன் புத்தகத்தைப் புரட்டியவர்கள் இதனை அறிந்திருக்க மாட்டார்கள். 1858 முதல் இலண்டன் பல்கலைக்கழகம் வகுப்புக்கு வாராதவரும் தேர்வெழுத வழி திறந்தது. இந்தியாவில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் அவ்வழியில் இறங்கின. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இலும் தோன்றின.

முத்தையாபுரம் போன்ற ஊருக்கு இது பெரும்பேறாகவே வாய்த்தது. 1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அக்காலத்தை ஒட்டியே உரத் தொழிற்சாலையும் அனல் மின் நிலையமும் இப்பக்கத்தில் எழுந்தன. பட்டம் இருந்தால் எழுத்தர் வேலை. இல்லையேல் மூட்டை அல்லது உப்பளம். பகலில் அளத்தில் வெயில் தின்ற ஒருவர் அஞ்சலில் வந்த பாடக்கட்டினைப் பிரித்து, இரவில் படித்து, பட்டம் பெற்று, மேசைக்குப் பின்னே அமர்ந்த காட்சியை நம்முள் மூத்தோர் கண்டிருக்கிறோம். அஞ்சற்கட்டு நம்மைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. சாக்கில் உட்காரச் சொல்வதில்லை. அதனை நாம் என்றும் மறத்தல் ஆகாது. ஆனால் உண்மை இன்னொரு பக்கமும் இருக்கிறது. கட்டணம் கட்டி, புத்தகக் கட்டு வந்து சேர்ந்து, அது பரணிலேயே கிடந்து, தேர்வே எழுதாமல் நின்றுபோனவர்களும் நம் தெருக்களில் உண்டு. அவர்களைச் சோம்பர் என்று பலர் ஏசினர். ஐயம் தோன்றும்போது கேட்க ஓர் ஆள் இன்றி, உடன் படிக்கும் ஒரு தோழன் இன்றி, தனியே ஆங்கிலப் பாடத்தோடு மல்லுக்கட்டியவரின் துன்பம் ஏசியவர்க்குத் தெரியாது. பல்கலைக்கழகங்கள் சில நாள் நேர்முக வகுப்புகள் நடத்தின. அதற்குச் செல்ல வேண்டுமாயின் அந்நாட்களின் கூலியை இழக்க வேண்டும். பேருந்துக்கும் சோற்றுக்கும் காசு வேண்டும்.

இத்தனிமைக்கு மருந்து என்ன என்பது உலகிற்கு முன்பே தெரிந்திருந்தது என்பதுதான் வியப்பு. 1956-இல் பூனா வட்டாரத்தில் ஐ.நா. கல்விக் கழகமான யுனெஸ்கோவின் துணையோடு அனைத்திந்திய வானொலி ஒரு சோதனை நடத்திற்று. ஐந்து மாவட்டங்களில் 150 சிற்றூர்களில் உழவர் குழுக்கள் அமைக்கப்பட்டன. ஒவ்வொரு குழுவும் வாரம் இருமுறை வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து நிகழ்ச்சியைக் கேட்டது. கேட்டபின் தமக்குள் விவாதித்தது. எழுந்த வினாக்களை வானொலிக்கு எழுதி அனுப்பியது. பால் நியூராத் என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்தார். குழு அமைந்த ஊர்களையும், பெட்டி இருந்தும் குழு இல்லாத ஊர்களையும், இரண்டும் இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டார். குழு இருந்த ஊர்களில் அறிவு வளர்ச்சி மிகுந்து காணப்பட்டது; வெறும் பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் வளர்ச்சி சிறிதே. இம்முடிவைக் கைக்கணினி கேட்கும் இளைஞர்கள் ஊன்றி நோக்க வேண்டுகிறோம். தமிழ்நாட்டிலும் 1960-களின் பிற்பகுதியில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்னும் நெல், வானொலி வழியே பரவியதால் ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் பெற்றது.

பின்னர் வானிலிருந்து படம் வந்தது. 1975 ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக் கோள் ஒன்றின் துணையால் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் நேரே அனுப்பப்பட்டன. தமிழ்நாடு அதில் இல்லை. பெட்டிகளைத் தனியார் வீட்டில் வைக்காமல் பள்ளி, ஊராட்சிக் கட்டடம் போன்ற பொது இடங்களில் வைத்தனர். செல்வர் வீட்டுத் திண்ணையில் பெட்டி இருந்திருந்தால் நம்மவர் எங்கே நின்று பார்த்திருப்பர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் கரைக்கு நெருங்கிய கதை இனித்தான் வருகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிச் சிற்றூர்களில் அறிவு மையங்களை அமைக்கத் தொடங்கிற்று. வில்லியனூரில் தலைமை நிலையம். அங்கிருந்து கம்பியில்லாத் தொடர்பின் மூலம் ஊர்களுக்குச் செய்தி. வீராம்பட்டினத்து மீனவர்க்குக் கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு இணையத்தின் வழி எடுக்கப்பட்டு, ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு என்னும் ஊரில், சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் தந்த எச்சரிக்கையை அம்மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்தே மக்களைக் காத்தனர். இம்மையங்களுக்கு விதித்த ஒரு நிபந்தனையை நாம் பொன்னேபோல் போற்ற வேண்டும். இடம் கொடுக்க வேண்டியது ஊரார் பொறுப்பு. ஆனால் அவ்விடத்திற்குள் எல்லாச் சாதியாரும், பெண்களும் தடையின்றி வந்து போக வேண்டும். இதற்கு உடன்பட்ட ஊருக்கே மையம். கணினியைப் பற்றிப் பேச வந்தவர்கள் முதலில் கதவைப் பற்றிப் பேசினர்!

அதே நிறுவனம் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து 2004 அக்டோபரில் ஊரக வள மையங்களைத் தொடங்கியது. திருவையாறு, செம்பட்டி, தங்கச்சிமடம் ஆகிய மூன்று ஊர்கள் முதலில் இணைந்தன. இராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடம் நம்மைப் போலவே மன்னார் வளைகுடாவை நம்பிய ஊர். அங்குள்ள மக்கள் ஒரு கூடத்தில் அமர்ந்து, செயற்கைக் கோள் வழியாகத் தொலைவிலிருந்த வல்லுநரின் முகத்தைக் கண்டு, வினா எழுப்பி, அப்போதே விடை பெற முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 20-இல் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக் கோள் சிறீஅரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, 2010 வரை பணியாற்றிற்று. பலரும் இருவழியாகப் பேசிக்கொள்ளும் வகுப்பு இவ்வாறுதான் நம் நாட்டுச் சிற்றூர்களை எட்டியது.

இணையவழிக் கூட்டத்தைப் பெருமளவில் கல்விக்குப் பயன்படுத்திய கூட்டு முயற்சி என்றால், பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆசிரியர் பயிற்சியைச் சொல்ல வேண்டும். 2009-இல் நடுவணரசு தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ், பேராசிரியர் தீபக் பாட்டக் அவர்களின் முயற்சியால் ஒரே வேளையில் ஆயிரம் ஆசிரியர், பின்னர்ப் பதினாயிரம் ஆசிரியர் எனப் பொறியியல் கல்லூரி ஆசிரியர்க்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. அமிர்தா பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஏ-வியூ’ என்னும் மென்பொருள் அதற்குக் கருவியாயிற்று. ஆனால் ஆயிரம் பேரையும் ஆயிரம் வீட்டில் இருத்திப் பாடம் நடத்தவில்லை. நாடெங்கும் பல கல்லூரிகளைத் தொலை மையங்களாகக் கொண்டனர். ஒவ்வொரு மையத்திற்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர். அவரை முன்னரே பம்பாய்க்கு வரவழைத்துப் பயிற்றினர். பயிற்சி நாட்களில் விரிவுரை திரையில் வரும். அதனை ஒட்டிய செய்முறைப் பயிற்சி அந்தந்த மையத்தில், ஒருங்கிணைப்பாளரின் கண் முன்னே நடக்கும். படித்துப் பட்டம் பெற்று, ஆசிரியராகவும் பணியாற்றும் பெரியோர்க்கே பக்கத்தில் ஓர் ஆள் தேவைப்பட்டது என்றால், முதல் தலைமுறையாக எழுத்தறியும் நம் வீட்டுப் பிள்ளைக்குத் தேவையில்லையா?

நம் கரையில் முத்துக்குளிப்பு 1961-க்குப் பின் நடைபெறவில்லை. ஆயினும் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்: மூழ்குபவரின் திறமை எவ்வளவு இருந்தாலும், தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவர் கருத்தாக இருக்க வேண்டும். அதனால்தான் அக்கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பார்களாம். 2020-இல் நம் பிள்ளைகளைக் கயிறு இல்லாமலே கடலில் இறக்கினோம்.

அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது, பள்ளிகள் அடைபட்டன. தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டிலேயே கல்வித் தொலைக்காட்சி தொடங்கப் பெற்றிருந்தது ஓரளவு துணையாயிற்று. அதற்கு மேல் என்ன செய்யலாம் என்று நாம் எண்ணியபோது, சென்னையிலும் கோவையிலும் பணியிலிருந்த நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர், மாலைதோறும் இணையவழியில் பத்தாம் வகுப்பினர்க்குக் கணிதமும் ஆங்கிலமும் அறிவியலும் கற்பிப்பதாக முன்வந்தனர். நாம் மகிழ்ந்தோம். ஜூம், கூகுள் மீட் என்ற பெயர்களைக் கற்றோம். வீட்டுக்கு வீடு கைபேசியில் வகுப்பு என்று அறிவித்தோம்.

இரண்டு மாதத்தில் வகுப்பு தேய்ந்தது. அப்பன் அளத்துக்கோ லாரிக்கோ சென்றால் கைபேசியும் உடன் சென்றது. மாலை அவர் திரும்பும்போது மின்னேற்றம் இருக்காது. உப்பு வாரும் பருவத்தில் கையில் காசு உண்டு, கைபேசி வீட்டில் இல்லை. ஐப்பசி மழையில் அளத்து வேலை நின்றபின் கைபேசி வீட்டில் உண்டு, அதற்குப் பணம் கட்டக் காசு இல்லை. பெண் பிள்ளைகள் படக்கருவியை மூடியே வைத்தனர். கற்பித்தவர்களுள் ஒருவர் அதற்காகக் கடிந்தும் கொண்டார். பின்னால் தெரிவது ஒற்றை அறை என்பதும், அதில் தாய் சமைக்கிறாள், தகப்பன் உறங்குகிறான் என்பதும் அவருக்கு மறந்துவிட்டது போலும். அவரும் அப்படிப்பட்ட அறையில் வளர்ந்தவர்தான். வெளியிலிருந்து ஒரு நிறுவனம் நடத்திய வேறொரு வகுப்பில் நம் மாணவி ஒருத்தி சேர்ந்திருந்தாள். கட்டணச் சலுகை பெறுவோர் யார் யார் என்று எல்லாரும் கேட்கப் பெயர் படித்தார்களாம். மறுநாள் முதல் அவள் அதில் சேரவில்லை. திரைக்குள்ளும் சாக்குத் துணியை விரிக்க முடியும் என்று அன்று கண்டோம்.

இது நம் ஊரின் குறை மட்டுமன்று. 2021 ஆகஸ்டில் பல மாநிலங்களில் பொருளியலறிஞர்களும் தன்னார்வலர்களும் எடுத்த ஆய்வொன்றில், ஊர்ப்புறத்தில் ஒழுங்காக இணையவழியில் படித்த பிள்ளைகள் நூற்றுக்கு 8 பேரே. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பிள்ளைகளிடையே அது நூற்றுக்கு 4, மற்றவரிடையே 15. இத்தனைக்கும் பள்ளிப் பிள்ளைகள் உள்ள ஊர்ப்புறக் குடும்பங்களில் நூற்றுக்கு 61.8 வீட்டில் திறன்பேசி இருந்தது என்று 2020-இல் எடுத்த வேறோர் ஆய்வு கூறுகிறது. வீட்டில் கருவி இருப்பது வேறு, பிள்ளை படிப்பது வேறு.

ஊரடங்கு தளர்ந்தபின் முறையை மாற்றினோம். கூடத்தைத் திறந்து, சன்னல்களை விரித்து, இடைவெளிவிட்டுப் பாய் போட்டோம். ஒரே ஒரு கைபேசி. அதனோடு இணைத்த ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி. கல்லூரி முதலாண்டு முடித்த பெண் ஒருத்தி முன்னே நின்றாள். தொலைவிலிருந்து ஆசிரியர் சொல்வதை அவள் கரும்பலகையில் எழுதினாள். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, “அண்ணா, இது விளங்கவில்லை, இன்னொருமுறை சொல்லுங்கள்” என்று கேட்டாள். தொடர்பு அறுந்தபோதெல்லாம், அது மீளும்வரை அவளே கணக்கைத் தொடர்ந்தாள். வீட்டில் வாய் திறவாத பிள்ளைகள் கூடத்தில் வாய் திறந்தனர். வினாவைத் தனித்தனியே கேட்கக் கூசியவர்கள், தமக்குள் பேசி ஒருவர் வாயால் கேட்டனர். 1956-இல் பூனாவில் கண்டதை நாம் அறியாமலே மீண்டும் கண்டோம்.

அவ்வாண்டு பத்தாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வே நடக்கவில்லை. அனைவரும் தேர்ச்சி என அரசு அறிவித்துவிட்டது. ஆகவே மதிப்பெண்ணைக் காட்டி நம் வகுப்பின் பயனை மெய்ப்பிக்க வழியில்லை. அவர்களுள் பள்ளியை விட்டு அளத்துக்குச் சென்றவர் இருவர் என்பதையும், அவ்விருவரும் கூடத்திற்கு வாராது வீட்டிலிருந்தே சேர்ந்தவர்கள் என்பதையும் மட்டும் இங்குக் குறிக்கிறோம்.

இனி நம் பிழை. கூடம் தொடங்கிப் பல வாரங்கள் சென்றபின் அந்தப் பெண்தான் கேட்டாள்: துப்புரவுப் பணியாளர் குடியிருப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களுக்கு யாராவது சொன்னீர்களா? யாரும் சொல்லவில்லை. வரக்கூடாது என்று எவரும் தடுக்கவும் இல்லை. அழைக்க வேண்டும் என்று எவர்க்கும் தோன்றவில்லை, அவ்வளவே. 8,157 பள்ளிகளுள் பலவும் இவ்வாறுதான் சொல்லியிருக்கும். அருந்ததியர் பிள்ளைகள் நம் கூடத்திற்கு வந்தபின்னும், தண்ணீர்ப் பானையின் அருகே ஒருநாள் எழுந்த முணுமுணுப்பை மலரில் எழுத வேண்டாம் என்று நண்பர் சிலர் கேட்டுக்கொண்டனர். எழுதாமல் விட்டால் இருபத்தைந்து ஆண்டு கல்விக் கழகம் நடத்தினோம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? கூடத்தின் சாவியும் அந்நாளில் எப்போதும் ஆண் பிள்ளைகளிடமே இருந்தது. கற்பித்தவள் வாசலில் காத்து நின்றாள்.

2021 அக்டோபர் 27-இல் தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி, தன்னார்வலர் ஒருவர், மாலை வேளை, ஏறத்தாழ இருபது பிள்ளைகள், அருகிலேயே ஓரிடம் என்று வகுத்தபோது நாம் பெருமூச்சு விட்டோம். நம் கூடத்தில் தட்டுத் தடுமாறிக் கண்டது இதுவே. கல்வித் தொலைக்காட்சியும் இணையமும் கையில் இருந்த அரசே மீண்டும் பாய் விரித்து உட்கார வைத்தது.

கைக்கணினி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் சென்னைக்குச் சென்று விடுதிக் கட்டணம் கட்ட இயலாதவர்கள். அவர்களுக்கு இணையவழி வகுப்பு ஒரு வரம். வெளியூரில் பணியிலிருக்கும் நம்மவர் ஊருக்குப் பாடம் சொல்ல அதுவே வழி. ஆகையால் பொதுக்குழுவின் முன் நாம் வைப்பது இது: முதற்பணம் கூரைக்கு. மிஞ்சும் தொகையில் வாங்கும் கருவிகள் வீட்டுக்குச் செல்லாமல் கூடத்திலேயே இருக்க வேண்டும். படிக்க வேண்டிய எவரும், எத்தெருவினரும், பதிவேட்டில் பெயர் எழுதி எடுத்துப் பயன்படுத்தலாம். வகுப்புக்கு முன்னே நிற்பவர்க்கு மாதந்தோறும் சிறு ஊதியம் தரப்பட வேண்டும். இதுவரை அப்பெண்ணுக்கு நாம் தந்தது பாராட்டுரை மட்டுமே. சாவி இரண்டாக்கப்பட்டு, ஒன்று அவள் போன்ற ஒருத்தியிடம் இருக்க வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன்னர்க் கூரை வேலை முடிய வேண்டுமாயின், ஆவணி முடிவதற்குள் பொதுக்குழு கூடியாக வேண்டும். துப்புரவுப் பணியாளர் குடியிருப்பிலிருந்தும் இம்முறை உறுப்பினர் வருவர். அவர்களுக்கும் அழைப்பு அனுப்பியாயிற்று.